நிழலில் வண்டி, வெயிலில் பேனல்

"எத்தனை வாட் போட்டால் போதும்?" என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். போனில் கேட்டாலும் சரி, டிரெய்லரைப் பட்டறை வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டுக் கேட்டாலும் சரி, முதல் கேள்வி அதுதான். நான் பதிலுக்கு, "எங்கே நிறுத்துவீர்கள்?" என்று கேட்பேன். மரத்தடியிலா, வெட்டவெளியிலா? ஒரே இடத்தில் நாலைந்து நாள் தங்குவீர்களா, தினம் ஓர் ஊரா? கோடையில் மட்டுமா, ஜூன் ஜூலைக் குளிரிலும் கிளம்புவீர்களா? வாட் கேட்டு வந்தவருக்கு இதெல்லாம் சுற்றி வளைக்கிற பேச்சாகத் தோன்றும். சிலர் முகத்திலேயே காட்டிவிடுவார்கள். ஆனால் இந்தக் கேள்விகளுக்குப் பதில் வராமல் நான் பேனல் பெட்டியைப் பிரிப்பதில்லை.

மெல்பர்னின் மேற்குப் புறநகரில் வண்டிகளுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். தொழில் கற்றது கோயம்புத்தூரில், உக்கடம் பக்கம் என் மாமா வைத்திருந்த பட்டறையில். லாரி டைனமோவைக் கழற்றுவது, செல்ஃப் மோட்டாருக்குக் கார்பன் மாற்றுவது, உட்கார்ந்துபோன பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றி ராத்திரி முழுக்க சார்ஜ் போடுவது எல்லாம் அங்கே பழகியது. இங்கே வந்தபிறகு லாரி குறைந்து கேம்பர் டிரெய்லர் அதிகமாகிவிட்டது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகிற சின்ன வண்டி அது. உள்ளே இரண்டு பேர் படுக்கலாம். பின்கதவைத் தூக்கினால் அடுப்பும் பாத்திரம் கழுவும் தொட்டியும் இருக்கும். பக்கவாட்டில் இழுத்தால் ஃபிரிட்ஜ் வெளியே வரும். வெள்ளிக்கிழமை மாலையானால் இந்த ஊர்க்காரர்கள் பாதிப்பேர் இதை மாட்டிக்கொண்டு கடலுக்கோ காட்டுக்கோ கிளம்பிவிடுவார்கள். இப்போது நம் ஆட்களும் கிளம்புகிறார்கள். போகிற இடத்தில் பிளக் பாயின்ட் கிடையாது. பல தேசியப் பூங்காக்களில் ஜெனரேட்டருக்கும் அனுமதி இல்லை. ஆகவே சோலார்.

கணக்கு ஃபிரிட்ஜிலிருந்து தொடங்கும். சின்ன டிரெய்லரில் மின்சாரம் தின்கிறது என்றால் அது ஒன்றுதான், மற்றதெல்லாம் கொறிப்பவை. நாற்பது, ஐம்பது லிட்டர் கொள்ளளவுள்ள 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் ஓடும்போது நாலு ஆம்பியர் அளவில் இழுக்கும். ஆனால் விடாமல் ஓடாது. குளிர் வந்ததும் நிற்கும், கொஞ்சம் சூடேறியதும் மறுபடி ஓடும். 25 டிகிரி வெயிலில் ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்கு நேரம் ஓடினால் முப்பது ஆம்பியர் மணிக்குக் கொஞ்சம் கூட. 38 டிகிரியில், பிள்ளைகள் ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் மூடியைத் திறந்தால், அதே ஃபிரிட்ஜ் ஐம்பதைத் தொடும். வீட்டிலேயே கரண்டில் போட்டு முதல் நாளே குளிர வைத்து, சாமானும் குளிர்ந்த சாமானாக அடுக்கிக் கொண்டுபோனால், முதல் நாள் செலவு நன்றாகக் குறையும். இதைச் சொல்ல எனக்குக் காசு கிடையாது, ஆனாலும் பேனலைவிட முதலில் இதைத்தான் சொல்வேன்.

எல்இடி விளக்கு, தண்ணீர் பம்ப், இரண்டு மொபைல், ஒரு லேப்டாப், சின்ன ஃபேன் எல்லாம் சேர்த்தாலும் பதினைந்து ஆம்பியர் மணிக்குள் அடங்கும். ஆக மொத்தம் ஒரு நாளைக்கு நாற்பத்தைந்திலிருந்து ஐம்பது. வாட் மணியாகச் சொன்னால் அறுநூறு. இதுதான் ஒரு சாதாரணக் குடும்பத்தின் அளவு. இதைத் தாண்டுகிறது என்றால் இன்வெர்ட்டர் உள்ளே நுழைந்துவிட்டது என்று பொருள்.

இன்வெர்ட்டர் பற்றிப் பேச்சு வந்தால் எங்கள் ஆட்களின் கேள்வி தனி ரகம். ஒரு தம்பதி வந்திருந்தார்கள். கணவர் வாட், வோல்ட் என்று பேசிக்கொண்டே இருந்தார். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுக் கடைசியில், "அண்ணா, மிக்ஸி ஓடுமா? அது மட்டும் சொல்லுங்க" என்றார். நியாயமான கேள்வி. 750 வாட் மிக்ஸியை ஐந்து நிமிடம் ஓட்டினால் பேட்டரியிலிருந்து போவது ஐந்தரை ஆம்பியர் மணிதான். ஃபிரிட்ஜ் இரண்டு மூன்று மணி நேரத்தில் தின்பதைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவே. சட்னிக்குக் கணக்குப் பார்க்கவே வேண்டாம். ஆனால் அந்த ஐந்து நிமிடமும் பேட்டரியிலிருந்து அறுபத்தைந்து ஆம்பியர் ஓடும், மோட்டார் திரும்பத் தொடங்குகிற நொடியில் அதைப்போலச் சில மடங்கு. அதற்குத் தகுந்த இன்வெர்ட்டரும், விரல் கனத்தில் கேபிளும், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸும் வேண்டும். எவ்வளவு தின்கிறது என்பது வேறு, ஒரே வாயில் எவ்வளவு விழுங்குகிறது என்பது வேறு. முதலாவது பேனலையும் பேட்டரியையும் முடிவு செய்யும். இரண்டாவது கேபிளையும் ஃபியூஸையும் முடிவு செய்யும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள்தான் மிக்ஸிக்குப் பயந்து நானூறு வாட் பேனல் வாங்குகிறார்கள்.

எலக்ட்ரிக் கெட்டிலுக்கு மட்டும் நான் கறாராக, "கூடாது" என்பேன். இந்த ஊர்க் கெட்டில் 2200 வாட். 12 வோல்ட்டில் அது இருநூறு ஆம்பியருக்குக் கிட்டே. நூறு ஆம்பியர் மணி லித்தியம் பேட்டரிகளில் பெரும்பாலானவற்றில், நூறு ஆம்பியருக்கு மேல் இழுத்தால் உள்ளிருக்கும் காவல் சர்க்யூட் தானே துண்டித்துவிடும். தேநீருக்குக் கேஸ் அடுப்பு இருக்கிறது.

இன்னொன்று, யாரும் கவனிக்காதது. இன்வெர்ட்டரை ஆன் செய்து வைத்துவிட்டு மறந்துவிடுவார்கள். ஒன்றும் மாட்டாமல் சும்மா இருந்தாலும் அது பத்து வாட் அளவில் குடித்துக்கொண்டிருக்கும். ஒரு நாள் முழுக்க விட்டால் 240 வாட் மணி. ஃபிரிட்ஜ் செலவில் பாதிக்கும் மேல். ராத்திரி பேட்டரி இறங்குகிறது, பேட்டரி சரியில்லை என்று கொண்டுவந்தவர்களில் கணிசமானவர்களுக்கு நான் செய்த வைத்தியம், அந்த சுவிட்சைக் கண்ணில் படுகிற இடத்துக்கு மாற்றிக் கொடுத்ததுதான்.

பேட்டரியில் இப்போது எனக்கு இரண்டாவது எண்ணம் கிடையாது. முன்பு ஏஜிஎம் என்கிற ஈய பேட்டரி போட்டோம். நூறு ஆம்பியர் மணி ஏஜிஎம் முப்பது கிலோ. அதில் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும். அதே அளவு லித்தியம் அயன் பாஸ்பேட் பன்னிரண்டு கிலோ சுமார், எண்பது தொண்ணூறு சதவீதம் தாராளமாக எடுக்கலாம். இங்கே பிரேக் இல்லாத டிரெய்லருக்கு 750 கிலோதான் வரம்பு என்பதால், சின்ன வண்டிக்காரர்களுக்குப் பதினெட்டு கிலோ குறைவது பெரிய விஷயம். ஆனால் சோலாரைப் பொறுத்தவரை எடையைவிட முக்கியமான காரணம் வேறு. ஈய பேட்டரி கடைசி இருபது சதவீதத்தை மெதுவாகத்தான் வாங்கும். எத்தனை ஆம்பியர் கொடுக்கத் தயாராக இருந்தாலும் நாலைந்து மணி நேரம் சிணுங்கிக்கொண்டே ஏறும். குளிர்காலத்துக் குட்டை வெயிலில் அந்த நேரம் கிடைக்கவே கிடைக்காது. தினமும் அரைகுறையாக நின்று, தகட்டில் சல்பேட் படிந்து, இரண்டு மூன்று குளிர்காலத்தில் பேட்டரி முடிந்துவிடும். லித்தியத்துக்கு அந்தப் பிகு இல்லை. கொடுத்ததை வாங்கிக்கொள்ளும். பாதியில் நின்றாலும் கெடாது.

இந்த பேட்டரியைப் பற்றிப் பேசும்போது எனக்கு ஒரு சின்னப் பெருமை உண்டு. லித்தியம் அயன் பாஸ்பேட்டை 1997-இல் வெளியிட்டது டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்எனஃபின் குழு. சல்பேட், பாஸ்பேட் போன்ற தொகுதிகள் கொண்ட பொருட்களைப் பேட்டரிக்குப் பயன்படுத்தலாம் என்று அதற்கு முன்பே 1980-களில் குட்எனஃபுடன் சேர்ந்து வழி காட்டியவர் ஆறுமுகம் மந்திரம். தென் தமிழ்நாட்டின் அமரபுரம் என்ற சிற்றூரில் பிறந்து, மதுரையிலும் சென்னை ஐஐடியிலும் படித்தவர். 2019-இல் குட்எனஃபுக்கு நோபல் பரிசு வந்தபோது அவருடைய நோபல் உரையை ஸ்டாக்ஹோமில் அவர் சார்பாக வாசித்தவரும் மந்திரம்தான். நம் ஆட்கள் பேட்டரி விலையைக் கேட்டு முகம் சுளிக்கும்போது இதைச் சொல்வேன். விலை குறையாது, ஆனால் பேச்சு கொஞ்சம் இளகும்.

லித்தியத்துக்கு இரண்டு கட்டுப்பாடு. ஒன்று, பூஜ்ய டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது. ஏற்றினால் லித்தியம் உலோகமாகவே உள்ளே படியும். விக்டோரியாவின் மலைப்பகுதியில் ஜூலை மாதம் முகாம் போடுகிறவர்களுக்குக் காலையில் எழும்போது வண்டியின் மேல் உறைபனி இருக்கும். அவர்களுக்கு உள்ளேயே ஹீட்டர் வைத்த பேட்டரிதான் பார்த்துக் கொடுப்பேன். இரண்டாவது, இடம். 2022-இல் வந்த ஆஸ்திரேலிய, நியூசிலாந்து தரநிலையின்படி லித்தியம் பேட்டரியின் காற்று, மனிதர் படுக்கும் இடத்துக்குள் வரக் கூடாது. படுக்கைக்கு அடியில் வைக்கிற பழைய வழக்கம் அத்தோடு போயிற்று. சின்ன டிரெய்லரில் முன்பக்கத்துச் சாமான் பெட்டிதான் இப்போது பேட்டரியின் வீடு. கேபிளும் அங்கிருந்துதான் புறப்பட வேண்டும்.

இனி வெயில். கோயம்புத்தூரில் வளர்ந்தவனுக்கு வெயில் என்பது யோசிக்க வேண்டிய பொருளே இல்லை. மார்கழியில்கூட அங்கே உச்சிப்பொழுதில் சூரியன் 55 டிகிரி உயரத்தில் நிற்கும். மெல்பர்னில் ஜூன் மாதத்து நண்பகலில் 28 டிகிரிதான், அதுவும் வடக்கே. கூரையில் படுக்கப் போட்ட பேனலின் மேல் வெயில் சாய்ந்து வழுக்கிக்கொண்டு போகும்; நேருக்கு நேர் பிடித்தால் கிடைப்பதில் பாதிக்கும் கீழே. மேகமும் சேர்த்துப் பார்த்தால், முழு வெயில் என்று கணக்கில் எடுக்கத் தக்க நேரம் ஜனவரியில் நாளுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல், ஜூனில் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. இருநூறு வாட் பேனல் சூடு, தூசி, கேபிள் எல்லாம் போக எழுபது சதவீதம் தருகிறது என்று வைத்தால், ஜனவரியில் எண்ணூறு வாட் மணி கிடைக்கும், ஜூனில் 250. அதே பேனலைத் தரையில் வைத்து வடக்கு நோக்கி நன்றாக நிமிர்த்தினால், தெளிந்த நாளில் ஜூனிலும் கூரையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வரும்.

நம் ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் பேனலைத் தெற்கே திருப்பி வைத்துவிட்டு, பேனல் சரியில்லை என்று போன் செய்வதுண்டு. இந்தியாவில் வீட்டுக் கூரையில் தெற்கு பார்த்துப் போட்டுப் பழகிய கண். இங்கே சூரியன் வடக்கே ஓடுகிறது என்று சொன்னால் ஒரு கணம் மௌனம், பிறகு சிரிப்பு.

கோணத்தைவிடப் பெரிய எதிரி நிழல். இதை நான் வாயால் சொல்வதில்லை, செய்து காட்டுவேன். பட்டறை வாசலில் வெயிலில் நூறு வாட் பேனலைச் சாய்த்து வைத்து, வயரில் க்ளாம்ப் மீட்டரை மாட்டுவேன். ஐந்து ஆம்பியர் காட்டும். வாடிக்கையாளரைக் கூப்பிட்டு, உள்ளங்கையை விரித்து மூலையில் இருக்கிற ஒரே ஒரு செல்லின் மேல் வைக்கச் சொல்வேன். பேனலில் முப்பத்தாறு செல் இருக்கிறது, அதில் ஒன்றுதான் மறைகிறது, ஆகவே முப்பத்தாறில் ஒரு பங்குதான் குறையும் என்று எல்லோரும் நினைப்பார்கள். கையை வைக்க வைக்க எண் இறங்கும். நாலு, இரண்டரை, ஒன்று. செல் முழுக்க மறைந்ததும் ஒன்றுமே இல்லை என்ற அளவுக்கு வந்துவிடும். கையை எடுத்தால் ஐந்து. சிலர் நம்பாமல் வேறு மூலையில் வைத்துப் பார்ப்பார்கள். அங்கேயும் அதே கதைதான்.

செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்டவை. எல்லாவற்றின் வழியாகவும் ஒரே கரண்ட்தான் ஓட முடியும். மறைந்த செல் எவ்வளவு விடுகிறதோ அவ்வளவுதான் மற்றவையும் தர முடியும். இதற்காகப் பின்னால் பைபாஸ் டயோடு வைத்திருப்பார்கள், பாதிப் பேனலைச் சுற்றிக்கொண்டு போக. ஆனால் பதினெட்டு வோல்ட் பேனலில் பாதி போனால் மிச்சம் ஒன்பது வோல்ட். பதின்மூன்று வோல்ட்டில் நிற்கிற பேட்டரிக்கு அது எந்த மூலைக்கு? தனியாக ஒரு பேனல் மட்டும் வைத்திருக்கிற சின்ன டிரெய்லருக்கு அந்த டயோடால் பயன் மிகக் குறைவு. ஒரு யூகலிப்டஸ் கிளையின் நிழல் போதும், கூரையில் இருக்கிற பேனலை முடக்க.

முகாமுக்குப் போகிறவர் எங்கே நிறுத்துவார்? பிப்ரவரி வெயிலில், முர்ரே ஆற்றங்கரையில், நிழல் எங்கே என்று தேடித்தான் நிறுத்துவார். அங்கே ஆற்றோரச் சிவப்பு கம் மரங்கள் எச்சரிக்கையே இல்லாமல் பெரிய கிளையை முறித்துப் போடும் பழக்கமுள்ளவை. அடியில் நேராக நிறுத்தக் கூடாது, ஆனால் நிழல் விழுகிற பக்கம் எல்லோரும் ஒதுங்குவார்கள். வண்டி நிழலில் நின்றால் ஃபிரிட்ஜ் குறைவாக ஓடும், படுக்கிறவர்களுக்கும் நிம்மதி. கூரைப் பேனலுக்காக வண்டியை வெயிலில் நிறுத்தினால், பேனல் சம்பாதிப்பதில் ஒரு பங்கை ஃபிரிட்ஜே தின்றுவிடும். அதனால் சின்ன டிரெய்லர்க்காரர்களுக்கு நான் சொல்வது, கூரையை மறந்துவிடுங்கள். மடித்து எடுத்துப்போகிற பேனல் ஒன்று, பத்து மீட்டர் நல்ல கேபிள். வண்டி நிழலில் நிற்கட்டும், பேனல் மட்டும் வெயிலுக்குப் போகட்டும். கூரையில் போட்டே தீருவேன் என்கிறவர்கள் வண்டியை வீட்டில் நிறுத்தி வைத்திருக்கும்போது பேட்டரி இறங்காமல் இருக்க ஒரு நூறு வாட் போட்டுக்கொள்ளலாம். அதற்கு மேல் சின்ன வண்டிக்கு வேண்டாம். கூரையில் ஒட்டுகிற வளையும் பேனல் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அடியில் காற்று போகாமல் வெந்து, சில வருடத்தில் நிறம் மாறிப் படலம் பிரிவதை நிறையப் பார்த்துவிட்டேன். செல் சூடாக ஆக, ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 சதவீதம் போலத் திறன் குறையும் என்பதும் அதில் சேர்ந்துகொள்ளும்.

மடிப்புப் பேனலுக்குத் தொல்லை கொடுப்பது கேபிள்தான், அதாவது கன்ட்ரோலர் எங்கே இருக்கிறது என்பது. கடையில் விற்கிற மடிப்புப் பேனல்கள் பலவற்றில் சார்ஜ் கன்ட்ரோலரைப் பேனலின் முதுகிலேயே திருகி வைத்திருப்பார்கள். வாங்குகிறவருக்கு வசதி, மாட்டினால் வேலை முடிந்தது. ஆனால் அங்கிருந்து பேட்டரிக்குப் பத்து மீட்டர். கூடவே வருகிற கேபிள் பெரும்பாலும் மெலிசு.

இந்த ஊரில் ஆட்டோ கேபிள் வாங்கும்போது ஒன்று தெரிந்திருக்க வேண்டும். "4 மில்லி" என்று போட்டிருப்பது உள்ளே இருக்கிற செம்பின் அளவு கிடையாது. பிளாஸ்டிக் உறையோடு சேர்த்த வெளி விட்டம். உள்ளே செம்பு 1.84 சதுர மில்லிமீட்டர்தான். "6 மில்லி" என்றால் 4.6 சுமார். நம் ஊரில் நாலு ஸ்கொயர், ஆறு ஸ்கொயர் என்று செம்பைத்தான் சொல்வோம், எனவே எனக்கு ஆரம்பத்தில் இந்த அளவுமுறை எரிச்சலாக இருந்தது. இப்போதும் எரிச்சல்தான். அந்த நாலு மில்லியில், போக வர இருபது மீட்டரில், ஒன்பது ஆம்பியர் ஓடினால் 1.7 வோல்ட் வழியிலேயே போய்விடும். பேனல் முதுகில் இருக்கிற கன்ட்ரோலர் தன் முனையில் 14.4 வோல்ட் பார்க்கும். பேட்டரி நிரம்பப் போகிறது என்று எண்ணிக் கரண்டைக் குறைக்க ஆரம்பிக்கும். பேட்டரியின் முனையிலோ 12.7. பச்சை விளக்கு எரியும், பேட்டரி பட்டினி கிடக்கும்.

கன்ட்ரோலரைக் கழற்றி பேட்டரிக்குப் பக்கத்தில், ஒரு முழத்துக்குள் வைத்துவிட்டால் இந்தச் சிக்கல் அவிழ்ந்துவிடும். நீளமான கேபிளில் இழப்பு நேர்ந்தாலும் அது பேனல் பக்கத்துப் பதினெட்டு வோல்ட்டில் நேரும். பேட்டரியின் உண்மையான வோல்ட்டைக் கன்ட்ரோலர் அறிந்துகொள்ளும். மேலும் ஆறு மில்லி கேபிளாக மாற்றி, இரு முனையிலும் சாம்பல் நிற ஆண்டர்சன் பிளக் போட்டுவிட்டால், சின்ன டிரெய்லருக்கு அது பல வருடம் தாங்கும். என் பட்டறையில் சோலார் பழுது என்று வருகிற வேலையில் பெரும்பங்கு இதுதான். பேனலைக் குறை சொல்லிக்கொண்டு வருவார்கள், நான் கன்ட்ரோலரை மூன்றடி நகர்த்த மாட்டேன், முப்பதடி நகர்த்துவேன்.

கன்ட்ரோலரில் பிடபிள்யூஎம், எம்பிபிடி என்று இரண்டு ஜாதி. முதலாவது பேனலை நேராகப் பேட்டரியோடு கோத்துவிடுகிற ஒரு சுவிட்ச். பேனல் பதினெட்டு வோல்ட்டில் கொடுக்கத் தயாராக இருந்தாலும், பேட்டரியின் பதின்மூன்றுக்கு அதை இழுத்து இறக்கிவிடும். நடுவில் இருக்கிற ஐந்து வோல்ட் வீண். இரண்டாவது அந்த ஐந்தையும் ஆம்பியராக மாற்றித் தரும். கொளுத்துகிற நாளில் பேனலின் வோல்ட்டே இறங்கிவிடுவதால் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. குளிர்ந்த, தெளிந்த காலையில்தான் எம்பிபிடி தன் விலையைச் சம்பாதிக்கும். குளிர்காலத்தில் வெளியே போகிறவருக்கு அது தேவை. டிசம்பர், ஜனவரியில் மட்டும் போகிறவர் மலிவானதை வாங்கிவிட்டு மிச்சக் காசைக் கேபிளில் போடலாம். இதைச் சொன்னால் என் சக தொழில்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

பேனல் வாங்குவதைக் கடைசியில் வைத்திருப்பதற்குக் காரணம், இவ்வளவும் முடிந்தபின் அது எளிய காரியம். ஒரே ஒரு எச்சரிக்கைதான். துணிபோல மடிகிற பேனல்களில் 300 வாட், 400 வாட் என்று அச்சிட்டு மலிவாக விற்பார்கள். அப்படி ஒன்றைக் கொண்டுவந்தால் நான் மீட்டரை எடுப்பதில்லை, டேப்பை எடுப்பேன். பேனலின் வாட் கணக்கு சதுர மீட்டருக்கு ஆயிரம் வாட் வெயில் என்ற அளவில் போடப்படுகிறது. இன்றைய நல்ல செல் அதில் 22 சதவீதத்தை மின்சாரமாக்கும். அதாவது சதுர மீட்டருக்கு 220 வாட். துணியின் ஓரம், மடிப்பு எல்லாம் விட்டுவிட்டுக் கறுப்பாக இருக்கிற செல்லை மட்டும் அளந்தால், 300 வாட்டுக்கு ஒன்றரைச் சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைய வர வேண்டும். ஒருமுறை ஒரு தம்பி கொண்டுவந்த முந்நூறில் அளந்தபோது 0.7 வந்தது. பெருக்கிப் பார்க்கச் சொன்னேன். நூற்றைம்பது. "அப்போ பாதிதானா அண்ணா?" என்றார். ரசீது இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது, திருப்பிக் கொடுத்துவிட்டார். 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் செய்த, நடைமுறைக்கு உதவிய முதல் சிலிக்கான் செல் ஆறு சதவீதம். அங்கிருந்து இருபதைத் தாண்ட வைத்ததில் சிட்னியில் மார்ட்டின் கிரீன் குழுவினர் செய்த வேலைக்குப் பெரிய பங்கு உண்டு. இத்தனை பேர் பாடுபட்டு ஏற்றிய சதவீதத்தை அச்சு இயந்திரத்தால் இரட்டிப்பாக்கிவிட முடியாது.

தினம் ஓர் ஊராகப் போகிறவருக்குப் பேனலே வேண்டாம் என்று சொல்லி அனுப்பியதும் உண்டு. காரிலிருந்து டிரெய்லர் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற டிசி-டிசி சார்ஜர் ஒன்று போதும். 25 ஆம்பியர் சார்ஜர் என்றால் இரண்டு மணி நேர ஓட்டத்தில் ஐம்பது ஆம்பியர் மணி. ஒரு நாள் சாப்பாடு முடிந்தது. இப்போதைய கார்களில் ஆல்டர்னேட்டர் தன் இஷ்டத்துக்கு வோல்ட்டை ஏற்றி இறக்கும். பழைய காலம்போல நேராக வயர் இழுத்தால் டிரெய்லர் பேட்டரி நிரம்பாது. அதனால்தான் நடுவில் இந்தச் சாதனம். அடிலெய்டைச் சேர்ந்த ரெட்ஆர்க் போன்றவர்கள் பேனலையும் அதே பெட்டியில் சேர்த்துக்கொள்கிற மாதிரி செய்கிறார்கள். இடம் குறைந்த வண்டிக்கு அது நல்லது.

வயதானவர்களுக்குக் கணக்கு சற்று மாறும். இந்த நாட்டில் ஓய்வு பெற்றபின் வருடக்கணக்கில் வண்டியிலேயே சுற்றுகிற பெரியவர்கள் ஏராளம். அவர்களில் நிறையப் பேருக்குத் தூக்கத்தில் மூச்சுத் தடை இருக்கிறது. ராத்திரி முகமூடி மாட்டிக் காற்று செலுத்துகிற சிபாப் கருவி இல்லாமல் படுக்க முடியாது. 1981-இல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் கண்டது அது. ஒரு பெரியவர், ராத்திரிக்கு நாற்பது ஆம்பியர் மணி போகிறது, இன்னொரு பேட்டரியும் இன்னொரு பேனலும் போடு என்று வந்தார். இன்வெர்ட்டர் வழியாக 240 வோல்ட்டில் ஓட்டிக்கொண்டிருந்தார், ஈரப்பத ஹீட்டரும் ஓடிக்கொண்டிருந்தது. கருவிக்கென்றே விற்கிற டிசி வயரை வாங்கச் சொல்லி, டாக்டரிடம் கேட்டு ஹீட்டரை நிறுத்தியபிறகு செலவு நாலில் ஒன்றாகிவிட்டது. புதுப் பேட்டரி விற்கிற வாய்ப்பு போயிற்று. அவர் மனைவி அடுத்த முறை கேக் செய்துகொண்டு வந்தார்.

வேலை முடிந்து வண்டியைக் கொடுக்கும்போது பேட்டரியின் நெகட்டிவில் ஒரு ஷன்ட் மாட்டி, மானிட்டரை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக் கொடுப்பேன். எத்தனை ஆம்பியர் உள்ளே வருகிறது, போகிறது, எத்தனை சதவீதம் மிச்சம் என்று அது காட்டும். அதற்குப் பிறகு வருகிற போன்களில் ஒரு வகை நிச்சயம். அந்த மிக்ஸி அம்மாவின் கணவர் மங்கோ ஏரிப் பக்கத்திலிருந்து ஒரு முற்பகலில் கூப்பிட்டார். சிக்னல் விட்டு விட்டு வந்தது.

"அண்ணா, பேனல் போயிடுச்சு. வெயில் கொளுத்துது, ஆனா கன்ட்ரோலர்ல ஒரு ஆம்பியர்கூட காட்டலை."

"சதவீதம் எவ்வளவு காட்டுது?"

"நூறு."

"நிரம்பின குடத்துல எங்கே ஊத்தறது? பேட்டரி வாங்கலைன்னா கன்ட்ரோலர் நிறுத்திடும். லேப்டாப்பை மாட்டுங்க, ஃபேனைப் போடுங்க, ஃபிரிட்ஜ் ஓடற வரைக்கும் இருங்க."

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. அந்தப் பக்கம் எதையோ திறந்து மூடுகிற ஓசை கேட்டது.

"ஏறுது அண்ணா. ஆறு... ஏழு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அப்போ இப்பவே மிக்ஸி போட்டுக்கலாமா? இவ ரொம்ப நேரமா தேங்காயை வெச்சுக்கிட்டு நிக்கறா" என்றார்.

போடச் சொன்னேன்.